அப்பா மறுபடி கேட்டு வாங்கிய மக்ரோனி

சாப்பாட்டைப் பற்றி அப்பா வாய் திறந்து குறை சொன்னதே கிடையாது. பிடிக்கவில்லை என்றால் தட்டை ஓர் அங்குலம் முன்னால் தள்ளுவார். அவ்வளவுதான். அந்த ஓர் அங்குலத்திலேயே அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். உப்பா, புளியா, காரமா என்று அவளே யோசித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். பெரும்பாலும் காரமாகத்தான் இருக்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, விருதுநகர் வத்தல் அரைத்துப் போடாத குழம்பு குழம்பே இல்லை.

அப்படிப்பட்டவர் துபாயில் ஓர் அமெரிக்க ஓட்டலில் உட்கார்ந்து, சீஸில் முக்கியெடுத்த மக்ரோனியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, துபாயில் நர்ஸாக இருந்தாள். தாத்தா இறந்தபிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பு மூத்த மருமகனான அப்பாவின் தலையில் விழுந்தது. சர்ச்சில் தெரிந்தவர்களும், அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர்களும் ஃபோட்டோ மேல் ஃபோட்டோவாகக் கொண்டுவந்து தந்தார்கள். சித்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னாள். ஒருவருக்கு நெற்றி ஏறிவிட்டதாம். இன்னொருவர் ஃபோட்டோவிலேயே கோபமாக இருக்கிறாராம். அப்பா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உன் தங்கச்சி மனசுல என்னதான் நினைச்சிருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். அடுத்த மாதமே எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் வந்துவிட்டது. லீவுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள் சித்தி.

மே மாதத்தில் யாராவது துபாய்க்குப் போவார்களா என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். சிவகாசியில் வெயில் காய்கிறவர்களிடம் போய் வெயிலைச் சொல்லிப் பயமுறுத்தினால் எப்படி? அப்பா சிரித்துவிட்டார்.

போய் மூன்றாம் நாள் மதியம் சித்தி எங்களை அந்த ஓட்டலுக்கு அழைத்துப்போனாள். பஸ் சீட் மாதிரி சிவப்பு மெத்தை போட்ட நீள இருக்கைகள், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. வாசல் போர்டில் இருந்ததை நான் எழுத்துக் கூட்டி 'கம்ஃபர்ட் ஃபுட்' என்று வாசித்தேன். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள்.

"வீட்டு நெனப்பு வந்தா அமெரிக்காக்காரங்க சாப்பிடுற சாப்பாடு, அக்கா. மனசுக்கு எதமா இருக்குமாம்."

"அவுகளுக்கு மனசு சரியில்லைன்னா நாம எதுக்குச் சாப்பிடணும்?" என்றாள் அம்மா.

அப்பா மெனு கார்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். எதைச் சாப்பிடலாம் என்று பார்க்கிறார் என நினைத்தேன். அவர் விரல் நுனியால் ஒரு படத்தின் ஓரத்தைத் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அச்சுல நாலு கலரும் இம்மி விலகாம உக்காந்திருக்கு, பாரு" என்று என்னிடம் காட்டினார். ஆர்டர் கொடுத்ததெல்லாம் சித்திதான்.

முதலில் எனக்கு மில்க் ஷேக் வந்தது. பிறகு பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, அதன் மேல் ஊற்ற ஒரு பழுப்புக் குழம்பு, ஒரு பெரிய சட்டி நிறைய மஞ்சள் மக்ரோனி. கோழி பார்வைக்குத்தான் சிவப்பு. கடித்தால் காரம் எங்கேயும் இல்லை. மக்ரோனியோ கரண்டியில் எடுத்தால் நூல் நூலாகத் தொங்கியது. அப்பா ஒரு வாய் வைத்தார். மென்றார். நானும் அம்மாவும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் கை மெதுவாகக் கைப்பைக்குள் போனது. அதில் ஒரு பொட்டலம் சாத்தூர் காராச்சேவு இருப்பது எனக்குத் தெரியும். பிளேனிலேயே பாதியைத் தின்றுவிட்டோம். அப்பா அவளைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். வெளித் தீனி கொண்டுவரக் கூடாது என்று ஓட்டல்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்களோ எனப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து சமையல்காரர் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் கறுப்புத் துணி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மற்ற மேசைகளுக்கெல்லாம் போகாமல் நேராக எங்களிடம் வந்து, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றார்.

"தமிழா தம்பி? எந்த ஊரு?" என்றார் அப்பா.

"ஆலங்குளம் சார்."

"எந்த ஆலங்குளம்? தென்காசிப் பக்கமா, நம்ம சிமெண்டு ஆலங்குளமா?"

"சிமெண்டு ஆலங்குளம்தான் சார். எங்கப்பா ஃபேக்டரிலதான் இருந்தாக."

அப்பா அடுத்து அவருடைய அப்பா பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். அது சர்ச்சுக்குப் போகிறவர்கள் வைக்கிற பெயர் இல்லை. அப்பா "ம்" என்று மட்டும் சொன்னார். பெரியவர்கள் பேச்சு நின்ற இடத்தில் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வழக்கம்.

"அங்கிள், இதுல காரமே இல்லை" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் சரியாக ஒத்துழைக்கவில்லை. "இந்த ஊர்க்காரங்க காரம் தாங்கமாட்டாங்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம், "சாப்பாடு எப்படி இருக்கு சார்?" என்றார்.

அப்பா தட்டில் மிச்சமிருந்த மக்ரோனியைக் கரண்டியால் கூட்டி, ஓரம் ஒட்டியதையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். அதன் பிறகு காலித் தட்டை அவர் பக்கம் நீட்டி, "இன்னும் இருந்தா கொஞ்சம் வைங்க தம்பி" என்றார்.

சமையல்காரர் பரிமாறுகிற கரண்டியை எடுத்தார். மக்ரோனி கொஞ்சம் மேசை விரிப்பில் விழுந்தது. துபாயில் பெரிய ஓட்டலில் சமைக்கிறவருக்குப் பரிமாறத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததுதான். கேட்டதற்கு, ஏசி காற்று கண்ணில் படுகிறது என்றாள். நான் இருக்கையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த ஜனவரியில் விருதுநகரில் சித்திக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும், "ஏ, இவர் மக்ரோனி அங்கிள்லா!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மா வழிச் சொந்தத்தில் நாலைந்து குடும்பம் வரவில்லை. அப்பா காலையிலிருந்து வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். பள்ளிக்கூடத்தில் நான் என் கதையைச் சொன்னேன்: எங்கப்பா சித்திக்குச் சமையலை ருசி பார்த்தே மாப்பிள்ளை எடுத்தார். அமெரிக்கச் சாப்பாடு என்றால் அவருக்கு உயிர். சித்தப்பா லீவுக்கு வரும்போதெல்லாம், அப்பாவுக்கு மக்ரோனி பண்ணிப் போடுங்கள் என்று நானே நச்சரித்தேன். சித்தப்பா பண்ணினார். அப்பாவும் ஒவ்வொரு முறையும் சாப்பிட்டார்.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள்தான், அந்த மக்ரோனியில் அப்படி என்ன ருசியைக் கண்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"ருசியா? பைண்டிங் பசையைச் சுட வச்சுத் தின்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

"பிறகு ஏன் ரெண்டாந்தடவை கேட்டீக?"

"உங்க சித்தி மொகத்தைப் பாத்தியா அன்னைக்கு? அந்தத் தம்பி உள்ள இருந்து வந்ததுல இருந்து அந்தப் புள்ள ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல. இந்தச் சம்பந்தத்துக்குச் சரின்னு வாயால சொன்னா, அப்புறம் யாரு என்னன்னு நாலு கேள்வி வரும், சொந்தத்துல நாலு பேரு பேச்சு வரும். சோறு கேட்டுட்டா அதோட முடிஞ்சது."

அன்றைக்கு மேசையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள் சித்திதான். அவள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். மில்க் ஷேக்கின் மேல் வைத்திருந்த சிவப்புச் செர்ரியை முதலில் தின்பதா, கடைசியில் தின்பதா என்று நான் முடிவு செய்யமுடியாமல் இருந்ததுதான் ஞாபகம் வருகிறது.