மூத்த மைத்துனரின் தோளில் ஒரு கறுப்பு முக்கோணம்

காலை ஆறு நாற்பது. குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த நெகடிவில் முதலில் கண்ணில் பட்டது, மூலையிலிருந்து கிளம்பிய ஒரு கறுப்பு முக்கோணம். நெகடிவில் அப்படிக் கறுத்திருந்தால் அங்கே படக்கூடாத வெளிச்சம் பட்டிருக்கிறது என்று பொருள். அது என் மூத்த மைத்துனரின் தோளை விழுங்கி, காதைத் தாண்டி, மூக்குவரை போயிருந்தது. நடுவில் நாற்காலியில் மாமனார் தெளிவாக இருந்தார். மறுபக்கம் நின்ற இளைய மைத்துனரின் சட்டைப் பொத்தான்களை எண்ணலாம்.

முந்தைய நாள் வலியசாலையில் மாமனார் வீட்டில் அவருக்குச் சதாபிஷேகம். மைத்துனர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அப்பாவின் கண் ஆபரேஷனை எந்த ஆஸ்பத்திரியில் செய்வது என்பதில் ஆரம்பித்த சண்டை. கண் சரியாகி வருஷங்கள் ஆகிவிட்டன. என் மனைவி அவர்களுக்கு நடுவில் பிறந்தவள். சாப்பாடு முடிந்தபின் கூடத்துக்கும் மாடிக்கும் மாறி மாறி நடந்து, இரண்டு பேரையும் அப்பாவின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கொண்டுவந்து நிறுத்தினாள். யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது என்று இருவருமே தனித்தனியாக நிபந்தனை போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் தெரு முழுக்கப் போய், ராசியாகிவிட்டார்கள் என்று பேச்சு வருமாம். ஆகவே என் பெரிய கேமராவில் எடுத்தவை தவிர வேறு படம் கிடையாது.

இந்தக் கேமராவுக்கு ரோல் இல்லை. பாடப்புத்தகம் அளவுக்குத் தட்டையான ஒரு பெட்டியில், பக்கத்துக்கு ஒரு பிலிமாக இருட்டில் செருகி, மேலே ஒரு தகட்டைத் தள்ளி மூட வேண்டும். ஹோல்டர் என்று பெயர். பிலிம் நுழையும் முனையில் மடக்கு மூடி ஒன்று உண்டு. ஒரு கறுப்புத் துணி டேப்தான் அதற்குக் கீல். நேற்று இரண்டு ஹோல்டர்களில் நான்கு பிலிம் எடுத்திருந்தேன். கழுவியது ஒன்று.

மனைவி காப்பியோடு வந்தாள்.

"நன்னா வந்திருக்கா?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"அண்ணா எங்கே?"

"இந்தக் கறுப்புக்குள்ளே."

"பாக்கி மூணு இருக்கே. அதைக் கழுவுங்கோளேன்."

அதைத்தான் செய்யக் கூடாது என்றேன். கறுப்பு ஹோல்டரில் வந்ததா, கேமராவில் வந்ததா, இந்தக் குளியலறையில் கழுவும்போது வந்ததா என்று தெரியாது. குளியலறையில் என்றால், மற்ற மூன்றும் இந்த நிமிஷம்வரை பத்திரம். கழுவினால் நானே கெடுத்தவனாவேன்.

அவள் பொறுக்கவில்லை. தம்பியை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"எடா, ஒருவேளை இன்னொரு தடவை நிக்கணும்னா..."

"அக்கா, நேத்து நின்னது அப்பாவுக்காக. இன்னிக்கு நிக்கணும்னா அவர் வந்து என்னைக் கூப்பிடட்டும்."

"அண்ணாவா? கூப்பிடுவாரா?"

"பின்னே? அத்திம்பேர்கிட்ட கேளு, தலையில கறுப்புத் துணியைப் போட்டுண்டு அத்தனை நேரம் உள்ளே என்ன பண்ணிண்டிருந்தார்னு. தூங்கிட்டாராக்கும்."

மூத்தவருக்கு அன்று மாலை பெங்களூர் ரயில். மனைவி போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி ஒருமுறை அவர்கள் நடுவில் நடக்க அவளுக்குத் தெம்பில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

முதலில் குளியலறை. இருட்டில் ஒரு புது பிலிமை வெட்டி, ஒரு துண்டின் மேல் நாணயத்தை வைத்து, கழுவ ஆகும் நேரம் அப்படியே விட்டேன். வெளிச்சம் எங்கிருந்தாவது வந்திருந்தால் நாணயத்தைச் சுற்றிக் கறுத்து, அடியில் வட்டம் விழும். கழுவிப் பார்த்தேன், வட்டம் இல்லை. அடுத்து கேமரா. அதே இருட்டில், அதன் துருத்திக்குள் டார்ச்சை எரியவிட்டு மூலை மூலையாகப் பார்த்தேன். ஒரு புள்ளி வெளிச்சம்கூட வெளியே வரவில்லை.

மிச்சம் ஹோல்டர். நேற்றைய பிலிம்களை இருட்டில் எடுத்துத் தனித்தனி உறைகளில் பத்திரமாக வைத்துவிட்டு, இரண்டு ஹோல்டர்களிலும் புது பிலிம் போட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். எங்கள் கரமனையில் அன்று நல்ல வெயில். எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுக் கீழே வந்து கழுவினேன். முதல் ஹோல்டரில் அதே மூலையில் அதே முக்கோணம். இரண்டாவது சுத்தம். ஒவ்வொரு ஹோல்டரின் உள்விளிம்பிலும் அரத்தால் அடையாளம் வெட்டி வைத்திருக்கிறேன். அது பிலிமின் ஓரத்தில் பதியும். கெட்டுப்போன படமும் முதல் ஹோல்டரின் அடையாளத்தோடுதான் இருந்தது.

மூடியை மடக்கிப் பார்த்தேன். டேப்பின் பசை இளகி நகர்ந்து, ஒரு மூலையில் இடுக்கு விட்டு, மறுபடி இறுகியிருந்தது. அந்தப் பசையில் வெள்ளையாக ஒரு சில்லு. ஊசியால் நெம்பி எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஜீரகம் இருக்கு. நம்மாத்து வடாமாக்கும்."

"ஹோல்டருக்குள்ளே வடாம் எப்படி வந்தது?"

"கர்க்கடக மாசம் முழுக்க மழையோல்லியோ. பீரோவைத் திறந்தா ஒரே பூசண நாத்தம். வெயில் வந்த அன்னிக்குப் பட்டுப் புடவை, உங்க பஞ்சகச்சம், இந்தப் பெட்டி, எல்லாத்தையும் மாடியில காயவெச்சேன்."

"வடாம் பாயிலேயேவா?"

"ஓரமா இடம் இருந்தது."

"மோர்மிளகாய் போடலையே?"

"போட்டேன். அது வேற பாய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு பெட்டி?" என்று கேட்டாள். அது அந்த வாரம் முழுக்க என் தோள்பையில் இருந்தது, பீரோவுக்குள்ளேயே போகவில்லை. இதைச் சொன்னதும் அவள் வாளிக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவளை வெளியே அனுப்பி, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு, இரண்டாவது ஹோல்டரின் பிலிம்களைக் கழுவினேன். "ஆச்சா?" என்று இரண்டு தடவை கதவைத் தட்டினாள். விளக்கைப் போட்டதும் முதலில் மூலைகளைப் பார்த்தேன், அப்புறம்தான் முகங்களை. நான்கு மூலையும் சுத்தம். ஒன்றில் மாமனார் கண்ணை மூடியிருந்தார். மற்றதில் மூன்று பேரும் நேராகப் பார்த்தார்கள். அண்ணனின் இடது கையும் தம்பியின் வலது கையும் நாற்காலி முதுகின் மேல் இருந்தன; நடுவே ஒரு சாண் இடைவெளி.

கதவைத் திறந்தேன். ஈரம் சொட்டச் சொட்ட அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எல்லாரும் பேய் மாதிரி இருக்கா."

"நெகடிவ் அப்படித்தான் இருக்கும்."

"சாரமில்லை, போகட்டும். அண்ணா இருக்கார், அது போதும்."

தம்பிக்கு போன் செய்து, நிற்க வேண்டாம் என்றாள். "அப்போ அத்திம்பேர் தூங்கல்லே" என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து ஆறிப்போயிருந்த காப்பியைச் சுடவைக்காமலே குடித்தாள். நான் பழைய டேப்பைக் கிழித்து எடுத்து, புத்தக பைண்டிங்குக்குப் போடும் கறுப்புத் துணி டேப்பை அளந்து ஒட்டினேன்.

மாலை நாலரைக்கு வலியசாலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூத்த மைத்துனர் தன் பெட்டியைத் தானே தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். இளையவர் அப்போது மாடியில் இருந்தார்.