மேனேஜ் பண்ணிக்குங்க

இந்த ஊரில் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், காலை ஷிப்ட் தொடங்கியதும் மேலாளர் ஜேனட் கையில் காபிக் கோப்பையோடு மாடிக்கு வந்து, "கேன் யூ மேனேஜ்?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார். நாம் சொல்லும் "யெஸ்" அவர் முதுகில்தான் போய் விழும். வட இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்த முதல் வாரத்தில் இந்தக் கேள்வியை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். நான் பிறந்து வளர்ந்தது ஏற்காட்டுக்குப் பக்கத்தில் நாகலூர். எங்களுக்கு மேனேஜர் என்றால் எஸ்டேட் பங்களாவில் இருப்பவர், ஜீப்பில் வருபவர், அவர் வந்தால் கணக்கெழுதும் ரைட்டர்கூட வேட்டியை இறக்கிவிட்டு நிற்பார். ஆகவே மேனேஜ் செய்ய முடியுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டதும், பொறுப்பை என் கையில் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். பெருமையாக "யெஸ்" என்றேன். அன்று மாடியிலிருந்த அத்தனை முதியவர்களையும் எழுப்பி, துடைத்து, உடுத்தி, ஊட்டிவிட நான் ஒருத்திதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வெளிநாட்டில் பிழைக்கிறவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். அகராதியைத் திறந்தால் ஆள்வது, நடத்துவது, நிர்வகிப்பது என்று ஒரு வரிசை இருக்கும். கொஞ்சம் கீழே போனால் சமாளிப்பது, ஒப்பேற்றுவது, தாக்குப்பிடிப்பது என்று இன்னொரு வரிசை. முதல் வரிசை மேலே இருப்பவர்களுக்கு, இரண்டாவது நமக்கு. ஒருவர் சரியாக ஆளாத இடத்தில்தான் இன்னொருவர் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழியின்மேல் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. இப்போது கோபமாக இருக்கிறது.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது இங்கே இல்லை. ஊரில் தமிழோடு கலந்து கேட்டதால், இரண்டும் ஒரே சொல் என்று இங்கே வந்த புதிதில் எனக்கு உறைக்கவில்லை. சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மிளகு பறிக்கும் காலம். எஸ்டேட்டில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சார்த்தி, ஏறிப் பறித்துக்கொண்டிருந்த அப்பா, ஏணி சறுக்கிக் கீழே விழுந்தார். நாங்கள் ஓடிப் போனபோது கண் திறந்துதான் இருந்தார். "கால் எங்கிருக்குதுன்னே தெரியல சாமி" என்றார். முதுகெலும்பு என்று எனக்கு விளங்கிவிட்டது. உடம்பை வளைக்காமல் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் எஸ்டேட் ஜீப் பங்களா வாசலில் புறப்படத் தயாராக நின்றது. அதுவும் சேலத்துக்கு. முதலாளி வீட்டு விருந்தாளிகளை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர.

அம்மா செருப்பில்லாமல் மேனேஜரிடம் ஓடினாள். "ஏனுங்க சார், ஜீப்பு சேலந்தானுங்களே போவுது? பின்னால படுக்க வெச்சு ஆசுபத்திரி வாசல்ல எறக்கி உட்டாப் போதுமுங்க" என்றாள்.

மேனேஜர் கெட்டவர்போலப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. மெதுவாக, பரிவோடு சொன்னார்: "விருந்தாளிங்க உக்காந்து வர்ற வண்டிம்மா. மண்ணும் ரத்தமுமா இருந்தா நல்லா இருக்காது. பஸ்ஸு ஏதாவது பாத்து மேனேஜ் பண்ணிக்குங்க."

ஜீப் எங்களைக் கடந்து போனது. மளிகைக் கடைக்குச் சரக்கு இறக்க ஏற்காட்டிலிருந்து வந்திருந்த காதர் பாய்தான், விவரம் தெரிந்ததும் மிச்ச மூட்டைகளை ரோட்டோரமே தள்ளிவிட்டு வேனைக் கொண்டுவந்தார். அப்பாவை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி ஏற்றினோம். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் நானும் அம்மாவும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். ஜீப்பில் முன்னதாகவே போயிருந்தால் கால் வந்திருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வந்திருக்காது என்றும் சொல்லவில்லை. அப்பா அதன்பிறகு எழுந்து நிற்கவே இல்லை. படிப்பு முடிந்து நான் இங்கே சம்பாதிக்க வந்ததே அவர் கிடக்கும் அந்தக் கட்டிலுக்காகத்தான்.

இங்கே மாடியில் மிஸ்டர் ஹாரிஸ் என்றொருவர் இருக்கிறார். பஸ் ஓட்டியவர். நல்ல கனத்த உடம்பு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரைத் துணித்தொட்டிலில் வைத்து இயந்திரத்தால் தூக்கி நாற்காலிக்கு மாற்றும்போது, இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும் என்பது விதி. சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த என் கூட்டாளி கிரேஸைப் பாதி நாள் கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். சென்ற குளிர்காலத்தில் அப்படித் தனியாகத் தூக்கியபோது தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் கால் கட்டிலின் கம்பியில் மோதித் தோல் கிழிந்தது. வலி தெரியாத கால். ரத்தத்தைப் பார்த்து "சாரி" என்றேன். அவரும் என்னிடம் "சாரி" என்றார். தன் உடம்பு கனமாக இருப்பதற்கு.

மறுநாள் காலையும் ஜேனட் வந்தார். கிரேஸ் கீழே வேண்டுமாம். "கேன் யூ மேனேஜ்?"

"நோ" என்றேன்.

பாதித் தாழ்வாரம் போயிருந்தவர் திரும்பி வந்தார். "சாரி, லவ்?" இந்த ஊரில் யாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நோ. ஐ கேனாட் மேனேஜ். யூ ஆர் தி மேனேஜர். யூ மேனேஜ்."

குரல் நடுங்கியது. பயத்தால் என்று அவர் நினைத்திருக்கலாம். என் விசா இந்த இல்லத்தின் கையில் இருக்கிறது, பயமும் இருந்ததுதான். ஆனால் அப்போது என் கண்முன் இருந்தது நாகலூர் பங்களாவின் வாசல். ஜேனட்டின் முகம் சிவந்தது. பிறகு கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுபக்கம் வந்து தொட்டிலின் கொக்கியை மாட்டினார். 

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு அழைத்தார்கள். வேலை போகிறது என்றுதான் போனேன். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்களுக்கு ஆங்கிலத்தில் சிறு சிரமம் இருக்கிறதுபோல. 'கேன் யூ மேனேஜ்' என்பது அக்கறையாகக் கேட்பது. நீங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டீர்கள்." வாரம் ஒருமுறை நூலகத்தில் ஆங்கில வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வந்த புதிதில் புரியாமல் "யெஸ்" சொல்லிக்கொண்டிருந்தபோது என் ஆங்கிலத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை. புரிந்து "நோ" சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு மொழி தெரியாமல் போய்விட்டது.

வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்திய அம்மையாரிடம் இந்த வினைச்சொல்லை வைத்தே ஒரு நாள் கேட்டேன். பலகையில் ஒருபொருட் சொற்களை எழுதினார்: ரன், கண்ட்ரோல், ஹேண்டில்; கீழே, சமாளிப்பதற்குக் கோப், கெட் பை. வாக்கியம் சொல்லச் சொன்னார். "மை மேனேஜர் மேனேஜஸ், ஸோ ஐ ஹாவ் டு மேனேஜ்" என்றேன். இலக்கணம் சரி என்று சிரித்தார். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த சோமாலியாக்காரியும் பிலிப்பினோவும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பிடியேவா சொன்ன? வேலையை உட்டுத் தொரத்தலியா கண்ணு?"

"தொரத்தலம்மா. இப்ப மாடிக்கு ரெண்டு பேர் போடறாங்க. கிரேசும் தனியாத் தூக்க முடியாதுன்னு சொல்லிட்டா."

 போனில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது. 

"எனக்கும் முடியல சாமி" என்றாள். "அப்பன நா ஒருத்தியாத்தான் பொரட்டறேன், தூக்கறேன். இடுப்பு உட்டே போச்சு. நீ கேக்கறப்பல்லாம் நல்லாத்தான் இருக்கறோம்னு சொல்லிப்போட்டேன். நொம்ப தூரத்துல இருக்கறவகிட்ட வேற என்னத்தைச் சொல்றது?"

இரண்டு ஆள் வேண்டும் என்ற விதியைப் படித்தவள் நான், சண்டை போட்டவளும் நான். என் அப்பாவைத் தூக்க இத்தனை வருஷமாக ஒற்றை ஆள்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு பேசி ஏற்பாடு செய்தோம். பக்கத்து ஊட்டு ராசாத்தி இப்போது தினமும் உச்சிவேளையில் வந்து உதவுகிறாள். அம்மா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாள்.

அங்கே உச்சி என்றால் இங்கே காலை. மிஸ்டர் ஹாரிஸின் வலப்பக்கம் கிரேஸ், இடப்பக்கம் நான். "ரெடி?" என்கிறாள் கிரேஸ். தொட்டில் மெல்ல எழுகிறது. அவர் முதுகுக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்குகிறேன். இதே நேரத்தில் நாகலூரில் அப்பாவின் ஒரு பக்கம் அம்மா நிற்பாள், மறுபக்கம் ராசாத்தி. அந்த மறுபக்கம் என்னுடையது.