மகேஸ்வரி எழுதாத தேர்வு

புந்தோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் கணித ஆசிரியை. மூன்றாம் படிவத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்த மகேஸ்வரிக்குக் கணக்கு வரவே வராது. எனக்கோ என் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்கக்கூடாது என்ற வெறி. தேர்வுக்கு வராதவர்கள் தேர்ச்சி விழுக்காட்டில் சேரமாட்டார்கள். ஆண்டிறுதித் தேர்வுக்கு முதல் நாள் அவள் அம்மாவை அழைத்தேன்.

"நாளைக்குப் புள்ளைய அனுப்ப வேணாங்கக்கா. கிளினிக்ல உடம்பு சரியில்லன்னு ஒரு எம்சி எடுத்துருங்க."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்."

வகுப்பு முழுக்கத் தேர்ச்சி. ஆசிரியர் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். மகேஸ்வரி அதன்பிறகு பள்ளிக்கே வரவில்லை. நானும் தேடவில்லை.

சில மாதங்கள் கழித்து, சிம்பாங் பூலாயில் ஓர் உணவுக்கடையில் அவளைப் பார்த்தேன். மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஸ்கூலுக்கு வரல?"

அவள் குரலில் கோபமே இல்லை. "அந்தப் பரீட்சைக்கு ஒரு மாசமா படிச்சேன் டீச்சர். பாஸ் பண்ணிருவேன்னுதான் நெனச்சேன். நீங்களே வேணாம்னு சொன்னப்புறம், நமக்குப் படிப்பு வராதுன்னு விட்டுட்டேன்லா."

"திரும்பி வாம்மா, நான் சொல்லித் தாரேன்," என்றேன். சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

ஒருவேளை அவள் தோற்றிருக்கலாம். ஆனால் தேறியிருப்பாளா என்பது இனி அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.