முதல் கேள்வி மேனேஜருக்கு

தோஹா தொழில்பேட்டை டீக்கடையில் எங்கள் கம்பெனி வேன் நிற்கும்போதுதான் அந்த யோசனை பிறக்கிறது. என்னிடம் ஆங்கிலம் படிக்கும் கொரிய இன்ஜினியர்கள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. இந்த வாரமும் அவர்கள் பேசாவிட்டால் கம்பெனி வகுப்பையே நிறுத்திவிடும். இங்கோ, அதே வகுப்பில் அவர்களோடு உட்காரும் மேனேஜர் கிம் போனோடு நகர்ந்ததும், எல்லோரிலும் இளையவன் மின்சு இரு கைகளாலும் எனக்கு டீயை நீட்டி, ஊரில் தன் மகள் நடக்கத் தொடங்கியதை ஆங்கிலத்தில் சொல்கிறான். கிம் திரும்பியதும் கப்சிப்.

"மேஸ்திரி நிக்கும்போ கையாள் வாயத் தொறப்பானா சார்? மொதல்ல அவரப் பேச வையுங்க," என்று சிரிக்கிறார் டிரைவர் மரியதாஸ்.

வேன் கிளம்பியதும் கிம்மிடம் ஆங்கிலத்தில் கேட்கிறேன்: "உங்கள் பிள்ளை முதன்முதலில் நடந்தது எப்போது?"

அவர் சொற்களைத் தேடுகிறார். "நான் இங்கே. பார்க்கவில்லை."

"நானும்தான் சார்," என்கிறான் பின்சீட்டிலிருந்து மின்சு.

நாளை வகுப்பிலும் முதல் கேள்வியைக் கிம்மிடமே கேட்டுப் பார்க்கப்போகிறேன்.