ஸ்டெல்லா அக்கா நிரப்பித் தராத கேன்

செவ்வாய்க்கிழமை காலை, பருப்பு அடுப்பில் இருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அடுப்பை அணைத்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிர் வீட்டுச் சுமாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்துக்காரர்களுக்கு அக்காவைத் தெரியும். முன்பு அங்கே குடியிருந்த முப்பத்தெட்டு வருஷமும் அக்காதான் எனக்கு எதிர் வீடு. நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன், பேத்தியைக் கூப்பிடவில்லை.

மகன் ஊருக்கு வெளியே பன்னிரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கி என்னையும் அழைத்துப் போனான். அங்கே போர்வெல் உப்புத் தண்ணீர். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு வேகவில்லை. எதிர் வீட்டுச் சுமாவிடம் கேட்டிருக்கலாம். அந்த அம்மா ஸ்கூல் டீச்சர். பேரன் பேத்தி எடுத்தவளுக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டால்? கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அக்கா வீட்டுக் குழாயிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தேன். நான் போய்ச் சேரும்முன் அக்கா கேனை நிரப்பி வைத்திருப்பார்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் கேன் காலியாக இருந்தது.

"தண்ணி வரலையாக்கா?"

"வந்துச்சு. நான்தான் புடிக்கல. நட, உன் வீட்டைப் பாக்கணும்."

காலிக் கேனை அவரே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பன்னிரண்டாவது மாடியில் என் வீட்டுக்குள் வராமல் நேராக எதிர் வீட்டு மணியை அடித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா கன்னடத்தில் பருப்புச் சங்கதியைக் கேட்டார். சுமா சிரித்துவிட்டு, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும், உப்பைக் கடைசியில் போடுங்கள் என்றார். இங்கே வந்த புதிதில் தானும் கல்லைத்தான் தின்றாராம். காபியும் கொடுத்தார்.

திரும்பும்போது லிப்ட் வாசலில் அக்கா சொன்னார்: "அஞ்சாவதோட நின்னது உனக்குத்தான்டி ஞாபகம் இருக்கு. அந்தம்மா கேட்டாங்களா?"

எனக்குக் கோபம். இரண்டு நாள் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் பருப்பு வெந்ததைச் சொன்னேன். "சரி, இனிமே கையை வீசிட்டு வா" என்றார். அப்படித்தான் போய்வந்தேன், போன வெள்ளி வரை.

செவ்வாயன்று கல்லறையிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பினேன். பாதியில் அணைத்த பருப்பைச் சுமா வேகவைத்து, சாம்பாராக்கி மூடி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு இங்கேயும் ஓர் எதிர் வீடு இருக்கிறது. அக்கா மணியடித்துப் பிடித்துக் கொடுத்த வீடு.