கும்பிட்ட கை பிடிக்கவில்லை

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. சில வருடங்களுக்கு முன், ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்டாவில் குனிந்து நிமிர்ந்ததும் கோயில், கூட்டம், பம்பைக்காரர் எல்லாமே கிறுகிறுவென்று சுற்றின. தள்ளாடினேன்.

"அம்மா வந்துட்டா!" என்று யாரோ கத்த, கையில் வேப்பிலையைத் திணித்தார்கள்.

"தல சுத்துது, புடிங்க" என்றேன். பம்பைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எதிரில் நின்ற என் கணவர் பயபக்தியோடு விலகி, "இந்த வருசம் மழை வருமா தாயே?" என்று கைகூப்பினார். அண்டா விளிம்பில் மோதி என் நெற்றி பிளந்தது.

தையல் போட்ட டாக்டர், உள்காதுக் கோளாறால் வந்த தலைசுற்றல் என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

இப்போது மெதுவாகத்தான் குனிகிறேன். சுற்றினால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். யாருக்காவது சாமி வந்தால் எல்லோரும் கும்பிடுகிறார்கள். நான் போய்த் தோளைப் பிடித்துக்கொள்கிறேன்.