சம்பந்திக்கும் எனக்கும் முப்பத்து நாலு அங்குலம்

போன ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் ஒரு ஏ.சி. ஹாலில், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் தொங்கப்போட்டுக்கொண்டு அட்டென்ஷனில் நின்றேன். ஒருவர் என் மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

தையல்காரர் இல்லை. கோல்ஃப் ஸ்டிக்குக்கு அளவெடுக்கிறார்!

‘உமக்கு எதுக்கய்யா கோல்ஃப்?’ என்றுதானே கேட்கிறீர்கள்? என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

எல்லாம் சம்பந்தியால் வந்தது. என் மருமகள் நித்யாவின் அப்பா தணிகாசலம். கல்பாக்கத்தில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறடி உயரம். ரிட்டயர் ஆனதும் கோல்ஃப் பிடித்துக்கொண்டது. நெம்மேலி தாண்டிக் கடலோரமாக ஒரு பயிற்சி மைதானம்... வாரம் தவறாமல் போவார். நான் செங்கல்பட்டுக்காரன். ஐந்தடி ஐந்து அங்குலம். ‘டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்’ என்று வாய்தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே தன் பழைய ஸ்டிக்குகளைப் பையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

“நடந்த மாதிரியும் ஆச்சு, விளையாடின மாதிரியும் ஆச்சு சம்பந்தி!”

நடந்தேன். விளையாடத்தான் வரவில்லை. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது, மண்தான் பறந்தது. நான் ஒரு மணி நேரம் அடித்த இடத்தில் தாராளமாக வேர்க்கடலை விதைக்கலாம். சம்பந்தி வேறு பின்னால் நின்றுகொண்டு, ‘தலையைத் தூக்காதீங்க’, ‘முழங்கையை மடக்காதீங்க’ என்று...

தோற்கிறவனுக்கு ஒரு காரணம் வேண்டாமா? கண்டுபிடித்தேன். ஸ்டிக்கின் நீளம்! ஆறடிக்காரரின் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஐந்தடிக்காரன் எப்படி ஆடுவான்?

இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டு விருந்தில், எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன்.

“பழசைத் தள்ளிவிட்டுட்டார் சம்பந்தி! தென்னை மரத்துக்குத் தச்ச சட்டையைக் கத்திரிச் செடிக்குப் போட்ட மாதிரி இருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

இந்த முறை யாருமே சிரிக்கவில்லை.

மோருக்குக்கூட இருக்காமல் எழுந்து போனவர்தான். அப்புறம் நான் போன் செய்தால் எடுப்பதில்லை. அடுத்த மாதம் பேத்திக்குத் திருப்போரூரில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்துவார்கள்? தாய்மாமன் அவருடைய பிள்ளை. “அப்பா சொன்னா வர்றேன்” என்கிறான். ஒரு குச்சி தகராறில் ஒரு குழந்தையின் காதுகுத்து அந்தரத்தில் நிற்கிறது. யோசித்துப் பாருங்கள்!

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நித்யாவுக்கு அதே கதிதான். ஆனால் ஐ.டி. கம்பெனியில் ஒரு டீமையே மேய்க்கிறவள், சும்மா இருப்பாளா? அவள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே, உடம்பை அளந்து அதற்கேற்ற கோல்ஃப் ஸ்டிக் பொருத்தித் தருகிற கடை இருக்கிறதாம்.

“மாமா, நீங்க சொன்னதுதான் சரின்னு அளந்தே காட்டிடலாம்” என்றாள் என்னிடம். மாமாவுக்குப் பதில் அப்பாவைப் போட்டு அதே வசனத்தை அவரிடமும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

போய் இறங்கினால், அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்! “வாங்க” என்றார். என்னைச் சொன்னாரா, எனக்குப் பின்னால் வந்த கூரியர்காரரைச் சொன்னாரா... தெரியவில்லை.

அளவெடுத்தவர் பெயர் ஏழுமலை. கோவளத்துப் பக்கம். காதில் கடுக்கன், கழுத்தில் டேப்.

“கைய நல்லா தொங்க வுடு சார். தோளத் தூக்காத. இன்னாத்துக்கு மூச்சப் புட்ச்சுகினு கீற? வுடு, வுடு.”

முப்பத்து நாலு அங்குலம்.

“அண்ணாத்த, அடுத்தது நீ வா.”

கல்பாக்கத்தில் அவரை யாரும் அண்ணாத்த என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். விறைப்பாக வந்து நின்றார். ஏழுமலை அளந்தார். புருவத்தைத் தூக்கினார். மறுபடியும் அளந்தார்.

“இன்னாபா இது... இதுவும் முப்பத்து நாலு!”

“அதெப்படி? அவர் என்னைவிட ஏழு அங்குலம் உயரம்!” என்று கத்தியேவிட்டேன்.

“உயரத்த மட்டும் பாத்தா ஆவாது சார். கை தரைக்கு எம்மாம் மேல நிக்குதுன்னும் பாக்கணும். அவருக்கு கை நீட்டு, உனக்கு கை குட்ட. ரெண்டும் ஒரே எடத்துல வந்து நிக்குது. ஒரே நீளம்தான் ரெண்டு பேருக்கும்!”

என் கேஸ் டிஸ்மிஸ். நித்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஏழுமலை அதோடு விடவில்லை. அடிக்கும்போது ஸ்டிக்கின் அடிப்பாகம் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்க்க, அதில் ஒரு ஒட்டுப்பட்டையை ஒட்டி, ஒரு பலகைமேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். வீசினேன் பாருங்கள், ஒரு வீச்சு! ஏழுமலை ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“சார், நீ பலகையவும் தொடல, பந்தயும் தொடல. காத்ததான் அட்ச்சுகினு கீற.”

சம்பந்தி அந்தப் பழமொழியை மறுபடி எடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கூல்ல என்னைக் ‘கொரங்குக் கை’ன்னுதான் கூப்பிடுவாங்க சம்பந்தி” என்றார் மெதுவாக. “எந்த முழுக்கைச் சட்டையும் மணிக்கட்டு வரைக்கும் வராது. அதான் எப்பவும் அரைக்கை. டேப் வெச்சு நிரூபிக்கிறது ஒண்ணுதான் பாக்கி... இன்னைக்கு அதுவும் ஆச்சு.”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் மட்டும் என்ன? எல்லாச் சட்டையிலும் கையை மடித்து விட்டுக்கொள்கிறவன். ஸ்டைல் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. மடிக்காவிட்டால் விரல் வெளியே தெரியாது!

அதை அவரிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: “கொரங்குக் கை இல்லை சம்பந்தி. முழங்கால் வரைக்கும் நீண்ட கைக்குப் பேரு ஆஜானுபாகு. ராமனையே அப்படித்தான் சொல்வாங்க.”

அவர் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். கையைத் தொங்கவிட்டு, முழங்காலைத் தொடுகிறதா என்று பார்த்தார். தொடவில்லை. லேசாகக் குனிந்தார். தொட்டது!

“நானும் பழமொழி சொல்லியிருக்கக் கூடாது” என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

“நான் எல்லார் முன்னாடியும் பேசியிருக்கக் கூடாது” என்றேன்.

“நைனா, உங்க பஞ்சாயத்த அப்பால வெச்சுக்குங்க” என்றார் ஏழுமலை. “சாருக்கு வெரலு சின்னது, புடி தடியா கீது. அத்த மட்டும் மாத்திடலாம்.”

கைப்பிடி ரப்பரை மட்டும் மெல்லியதாக மாற்றிக் கொடுத்தார். கிடைத்த அரைக்கால் வெற்றியை விடுவேனா? “பார்த்தியாம்மா, ஸ்டிக் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு” என்றேன் நித்யாவிடம். “சரி மாமா” என்றாள், டீமில் உள்ளவர்களிடம் சொல்கிற அதே குரலில்.

ஒரு ஆளைப் பார்த்ததும் தலையிலிருந்துதான் அளக்கிறோம் — நெட்டை, குட்டை என்று. கை எங்கே வந்து நிற்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

அன்று சாயங்காலமே தாய்மாமனிடமிருந்து போன் வந்தது. “மாமா, திருப்போரூருக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

நேற்று நானும் சம்பந்தியும் மைதானத்துக்குப் போனோம். புதுப் பிடியை இறுக்கிப் பிடித்து ஒரு வீசு வீசினேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். பந்து பறந்தது! வேலியைத் தாண்டி, நேராகச் சவுக்குத் தோப்புக்குள் போய் விழுந்தது.

“வாங்க, தேடலாம்” என்றார் சம்பந்தி. வெயில் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே தேடினோம்.

எங்கே பந்து சீக்கிரம் கிடைத்துவிடுமோ என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.